மீட்டிங் அக்கா கேட்டு வந்த பேச்சு

எங்கள் தெருவில் அவரை மீட்டிங் அக்கா என்றுதான் எல்லோரும் சொல்லுவோம். எந்தக் கட்சி கூட்டம் போட்டாலும் போவார். ஆவடி, திருநின்றவூர், பூந்தமல்லி, நசரத்பேட்டை என்று பஸ் போகிற தூரத்தில் எங்கே மைக் கட்டினாலும், பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில் அவர் இருப்பார். கடைசியில் நன்றி சொல்ல வருகிறவரையும் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருப்பார். மறுநாள் காலையில், ஆண்கள் எல்லோரும் ரயிலேறி வேலைக்குப் போன பிறகு, தன் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்து அந்தக் கூட்டத்தை எங்களுக்கு நடத்திக் காட்டுவார்.

நடத்திக் காட்டுவார் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். ‘அவர் இப்படிச் சொன்னார், இவர் அப்படிச் சொன்னார்’ என்கிற பேச்சே அவரிடம் கிடையாது. மூக்கால் பேசுகிற தலைவர் என்றால் மூக்காலேயே பேசுவார். தலைவர் தண்ணீர் குடித்த இடத்தில் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டுச் சும்மா இருப்பார். கைதட்டல் வந்த இடத்தில் வேகமாக மிதிப்பார். ஊசி தடதடவென்று ஓடும். அந்தக் கைதட்டலில் யாருடைய ரவிக்கையாவது கோணலாகிவிடும்.

“இன்னா பண்றது, அந்த எடத்துல ஜனம் அப்டி தட்டுச்சிம்மே” என்று சொல்லிக்கொண்டே தையலைப் பிரிப்பார்.

அவர் வீட்டுக்காரருக்கு ரயில்வேயில் தண்டவாள வேலை. துணைக்காக அவரும் எல்லாக் கூட்டத்துக்கும் போவார். போனதும் ஓரமாகத் துண்டை விரித்துப் படுத்துவிடுவார். “எங்க ஊட்டு ஆளு எல்லா கட்சி மீட்டிங்லயும் தூங்கிக்கீறாரு. ஓரவஞ்சனையே கெடையாது” என்பார் அக்கா.

நாங்கள் அப்போது பட்டாபிராமைத் தாண்டி நெமிலிச்சேரிக்குப் போகிற பாதையில் குடியிருந்தோம். வயலை மேடாக்கிப் புதிதாகக் கட்டின வீடுகள். ஆவடியிலும் அம்பத்தூரிலும் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர்கள் பல ஊர்களிலிருந்து வந்து அங்கே குடியேறியிருந்தோம். அக்கா மட்டும் அந்த ஊர்க்காரர். நாங்கள் குடியிருக்கிற இடத்தில் அவருடைய அப்பா கூலிக்கு நாற்று நட்டிருக்கிறாராம். எனக்குப் பள்ளி இறுதி வகுப்பு வரை படிப்பு. அக்காவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும், போஸ்டர் படிக்கிற அளவுக்கு.

எங்கள் பக்கம் எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு ரயில்வே கேட் இருந்தது. ஆஸ்பத்திரி அந்தப் பக்கம். நாங்கள் இந்தப் பக்கம். என் மூத்த பிள்ளைக்கு வலி எடுத்தபோது குதிரை வண்டியில் போனோம். கேட் சாத்தியிருந்தது. சரக்கு ரயில் ஒன்று வந்து, குறுக்கே அப்படியே நின்றுவிட்டது. வண்டிக்காரர் இறங்கிப் போய் கேட்காரரிடம் சண்டை போட்டார். அவர் என்ன செய்வார்? ஆஸ்பத்திரி வாசலில் என்னை இறக்கும்போதே தலை வந்துவிட்டது. பிள்ளை பிறந்து வெகுநேரம் அழவில்லை. தட்டித்தட்டி அழவைத்தார்கள். பிறகு அவன் உட்காருவதற்குத் தாமதமானாலும், பேசத் தாமதமானாலும், எனக்கு அந்த கேட் நினைவுக்கு வரும். டாக்டர் எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொன்னார். சரியாகத்தான் இருக்கிறான். இருந்தாலும் அவன் தூங்கும்போது மூக்கருகே விரலை வைத்துப் பார்க்கிற வழக்கம் என்னை விட்டுப் போகவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் அந்தத் தேர்தல் வந்தபோது நான் மறுபடி முழுகாமல் இருந்தேன். எனக்கு அது முதல் ஓட்டு. யாருக்குப் போடுவது என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன்.

“என்னைக் கேக்காதே. உனக்குன்னு ஒரு ஓட்டு குடுத்திருக்காங்க. நல்லா யோசிச்சுப் போடு” என்றார்.

அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் ‘நல்லா யோசிச்சு’ என்ற சொல் எனக்குப் பெரிய பாரமாகிவிட்டது. இவருக்குப் போடு என்று சொல்லியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்காகவும் வருத்தப்பட்டேன். யோசிப்பதற்கு எனக்கு வழி என்ன இருந்தது? தெருவில் வீசிவிட்டுப் போகிற நோட்டீஸ், மத்தியானம் கைக்கு வருகிற பத்திரிகை, அப்புறம் அக்காவின் தையல் மிஷின்.

எங்கள் தொகுதியில் இரண்டு பேருக்குத்தான் போட்டி. ஒருவர் நல்ல உயரம். இன்னொருவர் கண்ணாடி போட்டிருப்பார். பெண்கள் நாங்கள் உசரக்காரர், கண்ணாடிக்காரர் என்று அடையாளம் வைத்துக்கொண்டோம்.

ஒருநாள் அக்கா ஆவடியில் உசரக்காரர் பேசியதை நடத்திக்கொண்டிருந்தார். வழக்கமான வசவுகள், வழக்கமான சிரிப்புகள் எல்லாம் வந்தன. திடீரென்று மிதியை நிறுத்தினார். குரலைத் தாழ்த்தினார்.

“தாய்மார்களே! ஆஸ்பத்திரி அந்தப் பக்கம். நீங்கள் இந்தப் பக்கம். நடுவிலே ஒரு சரக்கு ரயில். வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு ரயில் எப்போது போகும் என்று தெரியுமா? கேட்கிறேன்! கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு பிரசவ அறை. அங்கேயே குடியிருக்கிற ஒரு நர்ஸ். இதைச் செய்யாமல் நான் ஓயமாட்டேன்!”

மிஷின் நெடுநேரம் ஓடியது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. என் கஷ்டம் மேடை வரைக்கும் போயிருக்கிறதே என்று நினைத்தேன். உசரக்காரருக்குத்தான் என் ஓட்டு என்று அன்றைக்கே தீர்மானித்தேன்.

அந்த வாரமே கண்ணாடிக்காரரின் கூட்டமும் நடந்தது. அக்கா போனார், வந்தார், நடத்தினார். கண்ணாடிக்காரருக்கு மெதுவான குரல். “அறை மட்டும் கட்டினால் போதுமா, அம்மா? வெந்நீர் வேண்டாமா? ஓர் ஆயா வேண்டாமா?” என்று அக்கா அந்தக் குரலில் கேட்டபோது, இவரல்லவா விவரம் தெரிந்தவர் என்று தோன்றிவிட்டது. பக்கத்து வீட்டு சரோஜா என்னை இடித்தாள்.

“உன் ஓட்டு இன்னைக்கு எந்தப் பக்கம்? முந்தாநாள் அந்தப் பக்கம் இருந்துச்சு.”

“நீ மட்டும் என்னவாம்?” என்றேன்.

“நான் ரெண்டு பேருக்கும் தலையாட்டி வெச்சிருக்கேன். எங்க வீட்டுக்காரர் சொல்றவருக்குப் போட்டுட்டு வந்து தூங்குவேன்.”

எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. பத்திரிகையில் கண்ணாடிக்காரர் பேசிய செய்தி வந்திருந்தது. மாநில அரசு, மத்திய அரசு, விலைவாசி எல்லாம் இருந்தன. பிரசவ அறையைக் காணோம். இடமில்லாமல் விட்டிருப்பார்கள் என்று சமாதானம் செய்துகொண்டேன். பிறகு அந்தச் சமாதானம் போதவில்லை. ஒரு கூட்டத்தையாவது என் காதால் கேட்க வேண்டும் என்று தோன்றியது. உசரக்காரரின் கட்சி பூந்தமல்லி பக்கம் மாநாடு போட்டது. பிள்ளையை இடுப்பில் எடுத்துக்கொண்டு, அக்காவோடு நானும் பஸ் ஏறினேன்.

அவ்வளவு ஜனத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ரோட்டை மறைத்து வளைவுகள். லாரி லாரியாக ஆட்கள் இறங்கினார்கள். வேர்க்கடலையும் சோடாவும் கைமாறிக்கொண்டே இருந்தன. அக்கா என் கையைப் பிடித்து, கூட்டத்தைப் பிளந்து, முன்னால் கொண்டுபோய் உட்காரவைத்தார். “குந்து. புள்ளைக்கு காது அடைச்சிக்கினா முந்தானைய போத்து. இனிமேதான் சோக்கா இருக்கும்.”

சோக்காகத்தான் இருந்தது. அதை மறைக்க முடியாது. ஒருவர் கட்சி வளர்ந்த கதையைச் சொன்னார். ஒருவர் மற்றக் கட்சிக்காரர்களின் நடையுடையைச் சொல்லிச் சிரிக்கவைத்தார். பெரிய தலைவர் ஒருவர் வந்து இறங்கியபோது எல்லோரும் எழுந்தார்கள், நானும் எழுந்தேன். ஏன் எழுந்தேன் என்று தெரியாது. எங்கள் உசரக்காரரை மேடையின் முன்னால் நிறுத்தி மாலை போட்டார்கள். “உங்கள் வீட்டுப் பிள்ளை” என்று கும்பிட்டு, நெடுநேரம் பேசினார். கட்சித் தலைமை பற்றிப் பேசினார், எதிரியைப் பற்றிப் பேசினார். பிள்ளை அழுதபோது பந்தலுக்குப் பின்னால் போய்ப் பால் கொடுத்துவிட்டு வந்தேன். திரும்பி வரும்போதும் அவர்தான் பேசிக்கொண்டிருந்தார். கடைசியில் எல்லோரும் தட்டினார்கள். நானும் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பலமாகத் தட்டினேன்.

பஸ்ஸில் வரும்போது எதற்காகத் தட்டினேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் ஞாபகம் வரவில்லை. எங்கள் கேட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் வரவில்லை என்பது மட்டும் ஞாபகம் இருந்தது.

மறுநாள் அக்கா மாநாட்டை நடத்தினார். நானும் போய் உட்கார்ந்தேன். வளைவு, மாலை, பெரிய தலைவர் எல்லாம் அப்படியே வந்தன. உசரக்காரர் எழுந்து நின்றார். கும்பிட்டார். மிதி நின்றது.

“தாய்மார்களே! ஆஸ்பத்திரி அந்தப் பக்கம். நீங்கள் இந்தப் பக்கம்…”

இந்தத் தடவை எனக்குக் கண்ணில் நீர் வரவில்லை. சரோஜாவும் மற்றவர்களும் போன பிறகு நான் மட்டும் நின்றேன். ரவிக்கைக்கு அளவு கொடுக்க வேண்டியிருந்தது. அது ஒரு சாக்கு.

“அக்கா, நேத்து அவர் அதைச் சொல்லவே இல்லையே.”

“சொன்னாரே. நீ புள்ளைய இட்டுகினு பின்னாடி பூட்ட. அப்ப சொன்னாரு. கையத் தூக்கு.”

கையைத் தூக்கினேன். நான் போய்வந்தது உண்மைதான். அந்த நேரத்தில் சொல்லியிருப்பாரோ? படித்தவள் என்று பெயர், ஒரு பேச்சை முழுதாகக் கேட்கத் துப்பில்லை என்று எனக்கே என் மேல் கோபம் வந்தது. ஆனால் கண்ணாடிக்காரரும் சொன்னார் என்றாரே. இரண்டு பேரும் ஒரே கேட்டை, ஒரே அறையை எப்படி நினைத்தார்கள்?

“நெஜமா சொல்லுங்க அக்கா. அது நீங்களா சேர்த்ததுதானே?”

அக்கா அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். கோபப்படவில்லை.

“தங்கச்சி, அம்மாம் நேரம் பேசறாரு. மழயப் பத்தி பேசறாரு, மந்திரியப் பத்தி பேசறாரு. அதுல ஒன்னியப் பத்தி ஒரு வார்த்த வராத பூடுமா? எனுக்கு அப்டிதான் காதுல உய்ந்துச்சி.”

“அப்போ நான் யாருக்குப் போடறதுன்னு எதை வெச்சு முடிவு பண்றது?”

“கை ஏத்தமா வெக்கட்டா, எறக்கமா வெக்கட்டா? மொதல்ல அத்த முடிவு பண்ணு.”

அவர் என்னைக் கேலி செய்தாரா, தானே அதை நம்பினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பொய் சொல்கிறவர்களுக்கு ஒரு ஜாடை இருக்கும். அது அவரிடம் இல்லை. அதனால்தான் பயமாக இருந்தது.

பிறகு ஒருநாள் உசரக்காரர் எங்கள் தெருவுக்கே ஓட்டுக் கேட்டு வந்தார். நாங்கள் ஆலம் கரைத்து வைத்திருந்தோம். தட்டைச் சுற்றிவிட்டு சரோஜாதான் முதலில் கேட்டாள்.

“அண்ணே, மேடையில சொன்னீங்களே, கேட்டுக்கு இந்தப் பக்கம் பிரசவ ரூமு. எப்ப வரும்?”

நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவர் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. “சொன்னேனே, தாயே! சொன்னதைச் செய்யாமல் இருப்பேனா?” என்று கும்பிட்டார். கூட வந்தவர்கள் வாழ்க சொன்னார்கள். அக்கா தன் வீட்டு வாசலில் நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார், பார் என்பதுபோல.

கண்ணாடிக்காரர் சில நாள் கழித்து வந்தார். அவரிடமும் அதையே கேட்டார்கள். வெந்நீர், ஆயா எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டார்கள். அவர் விழித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பக்கத்தில் நின்றவரிடம் திரும்பி, “நான் எப்போ சொன்னேன்?” என்று கேட்டார். அது எல்லோர் காதிலும் விழுந்தது.

“எனக்கு அப்படிச் சொன்னதா ஞாபகம் இல்லைம்மா. ஆனா வேண்டிய விஷயம்தான். விசாரிக்கிறேன்” என்றார்.

“பேசினது அவருக்கே மறந்து போச்சு! ஜெயிச்சா நம்மளயா ஞாபகம் வெச்சுப்பாரு?” என்று சரோஜா சொல்ல, தெருவே சிரித்தது. அவர் முகம் சிவந்து போய்விட்டது. வேகமாக அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்.

நான் சிரிக்கவில்லை. அத்தனை நாள் கூட்டம், மாநாடு, நோட்டீஸ், பத்திரிகை எல்லாம் எனக்குச் சொல்லாத ஒன்றை அவர் கண்ணாடி துடைத்த அந்தக் கொஞ்ச நேரம் சொல்லிவிட்டது. சொல்லாததைச் சொல்லவில்லை என்று சொல்ல ஒருவருக்கு மனம் வந்தது. அவருக்குத்தான் போட்டேன். சாவடியில் முத்திரை குத்தின பிறகும், விசாரிக்கிறேன் என்றவரை நம்பி, செய்கிறேன் என்றவரை விட்டுவிட்டோமே, வயிற்றில் பிள்ளையை வைத்துக்கொண்டு இது சரியா என்று நினைத்துக்கொண்டே வீடு வந்தேன்.

உசரக்காரர் ஜெயித்தார். வண்டியில் நின்றபடி எங்கள் தெரு முனைவரை வந்து கும்பிட்டார். அதோடு சரி. எனக்கு மாதம் ஏறிக்கொண்டே போனது. ஒவ்வொரு முறை கேட் சாத்தும் மணி கேட்கும்போதும் கை தானாக வயிற்றுக்குப் போகும்.

நான் எதிர்பாராதது பிறகுதான் நடந்தது. தோற்றுப்போன கண்ணாடிக்காரர் ஒருநாள் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு மேஜை போட்டு, மைக் கட்டிக் கூட்டம் நடத்தினார். பெரிய கூட்டம் இல்லை. ஆனால் கேட் சாத்தும்போதெல்லாம் இரண்டு பக்கமும் லாரியும் சைக்கிளும் நின்றுவிடும். அதில் வந்தவர்கள் கேட்டுத்தான் ஆகவேண்டும். கேட் சாத்தினவுடனே அவரும் எழுந்து பேசுவார். “பிரசவ அறை கட்டுகிறேன் என்று சொல்லி ஓட்டு வாங்கினாரே, எங்கே அந்த அறை?” என்று கேட்பார். ரயில் போய் கேட் திறந்தால் உட்கார்ந்துவிடுவார். அடுத்த ரயிலுக்கு மறுபடி எழுந்திருப்பார். அக்கா முன்னால் உட்கார்ந்திருந்தார். மறுநாள் அந்தக் கூட்டத்தை நடத்தும்போது ரயில் சத்தத்தையும் மிஷினிலேயே போட்டுக் காட்டினார்.

இப்படிச் சில தடவை நடந்தது. பிறகு உசரக்காரரின் ஆட்கள் வந்து இடம் பார்த்தார்கள். பஞ்சாயத்துக் கட்டடத்தில் காலியாக இருந்த ஓர் அறைக்கு வெள்ளை அடித்தார்கள். கட்டில் வந்தது. பின்கட்டில் நர்ஸ் குடிவந்தார். திறப்புவிழாவில் உசரக்காரர், “பூந்தமல்லி மாநாட்டில் நான் அறிவித்தபடி” என்று ஆரம்பித்தார். எல்லோரும் தட்டினார்கள். நிறைமாத வயிற்றோடு நான் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவர் முகத்தில் கேலி இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. ஏற்கெனவே ஒருமுறை கேட்ட பேச்சை மறுபடி கேட்கிறவர் போலத்தான் இருந்தார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது கேட்டேன்.

“அக்கா, நீங்க யாருக்குப் போட்டீங்க?”

“கண்ணாடிக்குதான்.”

“அவர் பொய் சொல்லலைன்னு போட்டீங்களா?”

“அட போம்மே. அவரு தோக்கப் போறாருன்னு நீங்க சிரிச்சப்பவே தெரிஞ்சி போச்சி. ஜெயிச்சவரு மறந்துடுவாரு. தோத்தவருக்கு அஞ்சு வருசத்துக்கு அதே நெனப்புதான். ஓட்டே வராத பூட்டா ஆளு மனசு ஒடிஞ்சி ஊட்ல குந்திக்குவாரு. நாலு ஓட்டாவது உய்ந்தா வீம்புக்கு வருவாரு. வந்தாரா இல்லியா?”

நானும் அவரும் ஒரே சின்னத்தில்தான் குத்தியிருக்கிறோம். அவர் காரணம் ஒன்று, என் காரணம் வேறு. நான் ஆளின் குணத்தைப் பார்த்தேன். அவர் ஆளை என்னவாகப் பயன்படுத்தலாம் என்று பார்த்தார். எது சரியான ஓட்டு என்று எனக்குத் தெளிவாகவில்லை. எல்லோரும் என்னைப் போலப் போட்டிருந்தால் கண்ணாடிக்காரர் ஜெயித்திருப்பார். ஜெயித்த பிறகு விசாரித்திருப்பாரா என்பதும் தெரியாது. இப்போது நாங்கள் அம்பத்தூருக்கு வந்துவிட்டோம். மறுபடி தேர்தல், மறுபடி தெருவெல்லாம் மைக். நான் ஒரு பேச்சையும் விடாமல் கேட்கிறேன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. யாருக்குப் போடுவது என்று கேட்டால் மட்டும் பதில் இல்லை.

அக்காவை நினைத்தால் கடைசியாக அந்த மத்தியானம்தான் வரும். வலி எடுத்து, அந்த அறைக்கு நடந்தே போய்விட்டோம், அவ்வளவு பக்கம். நர்ஸ் ஒரு பெண் துணைக்கு இருக்கலாம் என்றார். அக்கா என் தலைமாட்டில் நின்றார். வெளியே கேட் மணி அடித்தது. வலி கொஞ்சம் விட்ட நேரத்தில், எனக்கு என்ன தோன்றியதோ, அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

“அக்கா, பூந்தமல்லியில அவர் நெஜமாவே சொன்னாரா?”

“தொ! கேக்கற நேரமாம்மே இது?” என்று அதட்டினார் அக்கா. “அவரு சொன்னா இன்னா, சொல்லாங்காட்டி இன்னா. மூச்சப் புடி. நர்ஸம்மா, தல தெரிதான்னு பாருங்க.”

பெண் பிறந்தாள். பிறந்த உடனே அழுதாள்.